இடது மேல் இமை

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். இடது இமையை ஆள்காட்டி விரலால் மேலே தூக்கிப் பிடித்தேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை அந்த ஒற்றைக் கண்ணால் படித்தேன்.

‘வரிசை எண் பதினேழு. ம. அமலோற்பவம். இடது கண் மூடியுள்ளது. பார்வை இல்லை. ஆசிரியப் பணிக்குத் தகுதியற்றவர்.’

பார்வை இல்லை என்று அவர்கள் எழுதிய கண்ணால்தான் அதைப் படித்தேன். ‘மூடியுள்ளது’ என்பதில் ‘ள்’ மேலிருந்த புள்ளியைத் தட்டச்சு இயந்திரம் சரியாகக் குத்தவில்லை. அதுகூடத் தெரிந்தது.

காலை பதினொரு மணி இருக்கும். பலகையைச் சுற்றி இருபது முப்பது பேர். பசை இன்னும் காயாத வாசம். என் பக்கத்தில் நின்ற பெண் தன் பெயரைத் தேர்வானவர்கள் தாளில் கண்டுபிடித்துக் கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு நான் நின்ற கோலத்தைப் பார்த்துச் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். எனக்காக யாரும் சிரிப்பை நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. “ஒங்களுக்குக் கெடச்சிருச்சா? சந்தோசம்” என்று சொல்லிவிட்டு நேராக அலுவலகப் படியேறினேன்.

முகத்தை நிமிர்த்தி நடப்பவள்

ஆசிரியப் பயிற்சி விடுதியைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘நீங்கள் எல்லா இடத்திலும் சண்டைக்காரியாகவே இருக்கிறீர்களே, பிறவியிலேயே அப்படியா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

ஆமாம் அம்மா, பிறவியிலேயேதான். காரணம் இருக்கிறது.

கோட்டையூரில் பெரிய வீடுகள் முடிந்து, ஓட்டு வீடுகள் தொடங்கும் தெருவில் பிறந்தேன். பிறந்தபோது வலது கண் திறந்தது. இடது கண் திறக்கவில்லை. ஒன்பது நாள் அம்மா தூங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பத்தாம் நாள் அந்த இமை பாதி ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் அது ஏறவே இல்லை. இன்று வரை.

இமை பாதியில் நின்றால் என்ன ஆகும் தெரியுமா? எதிரில் இருப்பதை முழுதாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். நான் மோவாயைத் தூக்கினேன். நடக்கும்போது, சாப்பிடும்போது, கோவிலில் முழந்தாளிட்டிருக்கும்போது. ஐந்து வயதுப் பிள்ளை தெருவில் அப்படி நடந்து போனால் ஊர் என்ன சொல்லும்?

“மரியசூசை மகளுக்கு இருக்குற திமிரப் பாருங்களேன்!”

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர், “தலையக் குனிஞ்சு நில்லுடி” என்று முழங்காலுக்குக் கீழே அடித்தார். குனிந்தேன். கரும்பலகை தெரியவில்லை. மறுபடி நிமிர்ந்தேன். மறுபடி அடி. அந்த ஒரு வாரத்தில் நான் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். குனிந்தாலும் அடிதான், நிமிர்ந்தாலும் அடிதான் என்றால், கரும்பலகையையாவது பார்த்துக்கொண்டு அடி வாங்கலாம்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமலோற்பவம் என்றால் மாசில்லாமல் பிறந்தவள் என்று பொருள். பங்குச் சாமியார் வைத்த பெயர். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அரைக்கண்ணு. இரண்டுக்கும் திரும்பிப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதற்குத் திரும்பும்போது கையில் கல் இருக்கும்.

லிட்டுன்னா மூடி

அலுவலகத்துக்கு வருகிறேன். அது எந்த ஊரில் இருந்தது என்று எழுத மாட்டேன். அப்போது எங்கள் பக்கமெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். கோட்டையூரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும் என்பது மட்டும் போதும்.

கோப்புகளைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவு வந்த புதிது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் டாக்டர்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் சான்றிதழ் எழுதினார்கள். அதைத் தமிழாக்கிக் கோப்பில் ஏற்றுவது குமாஸ்தாவின் வேலை.

எங்கள் கோப்பைப் பார்த்தவர் பெயர் சாமிநாதன். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை சுலபமாக முடிந்திருக்கும்.

“சார், எனக்கு ரெண்டு கண்ணுலயும் பார்வை இருக்கு. டாக்டர் சோதிச்சுப் பாத்துத்தான் எழுதிக் குடுத்தாரு. நீங்க பார்வை இல்லைன்னு போட்டிருக்கீகளே?”

அவர் கோப்புக் கட்டை அவிழ்த்து என் சான்றிதழை எடுத்தார். அதில் டாக்டர் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். இடது மேல் ஐலிட் பிறவியிலிருந்தே தாழ்ந்திருக்கிறது, இரு கண்களிலும் பார்வை இயல்பாக உள்ளது, பணிக்குத் தகுதியானவர். அவ்வளவுதான்.

“இதோ, ஐலிட்டுன்னு போட்டிருக்குல்ல. ஐயின்னா கண்ணு. லிட்டுன்னா மூடி. பக்கத்து சீட்டுல கேட்டுத்தான் எழுதுனேன். கண்ணு மூடியிருக்குன்னு ஆச்சா?”

“ஆச்சு. பார்வை இயல்பா இருக்குன்னும் எழுதிருக்காரே, அது எங்க போச்சு?”

“ஏம்மா, மூடுன கண்ணுல பார்வை எப்படி இருக்கும்? ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்துச்சு. அதான் ஒண்ண எடுத்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு சொன்னேன்: “ஐலிட்டுன்னா இமை சார். கண்ணு மூடல. இமைதான் தாழ்ந்திருக்கு.”

“இமையா?” அவர் தன் கண்ணோரத்து மயிரைத் தொட்டுக் காட்டினார். “இமைன்னா இந்த முடில்ல? முடி தாழ்ந்திருந்தா அதுக்கு எதுக்கும்மா டாக்டரு?”

வீட்டில் ஒரு சொல், புத்தகத்தில் ஒரு சொல்

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். ‘அந்தப் பிள்ளைக்கு இமை அடர்த்தி’ என்றால் கண்ணோர மயிர் அடர்த்தி என்று பொருள். நாடகத்தில் பெண் வேடம் போடுபவர்கள் ஒட்டிக்கொள்வதையும் இமை என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தில் இமை என்றால் கண்ணை மூடித் திறக்கும் தோல். அந்தத் தோலுக்கு எங்கள் வீட்டில் வழங்கிய சொல் ரெப்பை. “ரெப்பைய மூடிப் படுத்துக்கத்தா” என்றுதான் அம்மா என்னைத் தூங்கச் சொல்வாள்.

ஆக, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள், ஒரு பொருளுக்கு இரண்டு சொல். மற்றவர்களுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. அவர்கள் இமைகள் தானாக ஏறி இறங்குகின்றன. அவற்றுக்குப் பெயர் தேவைப்படுவதே இல்லை. எனக்குத் தேவைப்பட்டது.

சாமிநாதனுக்குப் புரிய வேண்டுமே என்று, “ரெப்பை சார். கண் ரெப்பை” என்றேன்.

“அப்படிச் சொல்லு! ரெப்பைன்னா புரியுது. மனு எழுதி வச்சுட்டுப் போ. திருத்தி அனுப்புறேன்.”

மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். பதினைந்து நாள் கழித்துப் பழுப்பு உறையில் கடிதம் வந்தது. அப்பா வாங்கி என்னிடம் கொடுத்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சத்தமாகப் படித்தேன்.

‘தங்கள் மனுவில், இடது இரைப்பை தளர்ந்துள்ளதாகத் தெரிவித்துள்ளீர்கள். ஆகவே, வயிற்று நோய் பற்றிய மருத்துவச் சான்றிதழைப் பெற்று அனுப்பவும்.’

அப்பா என் வயிற்றைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

“என்னத்தா, வயித்துல எதுவும் செய்யுதா?” என்று கேட்டாள் அம்மா.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. சாமிநாதன் ரெப்பை என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். தட்டச்சர் நல்ல தமிழ் படித்தவர். ரெப்பை என்பது கொச்சை, குமாஸ்தா எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டார் என்று நினைத்து, ‘இரைப்பை’ என்று திருத்திவிட்டார். என் கண்ணில் தொடங்கிய குறை வயிற்றுக்கு இறங்கிவிட்டது. அதுவும் இடது இரைப்பை. எனக்கு இரண்டு இரைப்பை இருப்பதாக அரசாங்கமே நம்பியது.

ஒரு கையெழுத்து போதும்

மறுநாளே கிளம்பினேன். இந்த முறை அம்மாவும் வந்தாள். நான் கோபத்தில் எதையாவது பேசிவிடுவேன் என்று பயம் அவளுக்கு. பேருந்தில் வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். “அமலு, அவுக எழுதுறத எழுதிட்டுப் போகட்டும்த்தா. வேல கெடச்சாச் சரி” என்றாள்.

அது வெயில் காலம். அலுவலகச் சன்னல்களில் தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி கட்டியிருந்தார்கள். சாமிநாதன் கடிதத்தைப் படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“தப்புத்தான். ஒத்துக்கிறேன். ஒக்காருங்க” என்று அம்மாவுக்கும் எனக்கும் நாற்காலி போட்டார். பிறகு குரலைத் தணித்தார். “நான் ஒரு வழி சொல்றேன். இப்பவே ஒரு எடம் காலியா இருக்கு. நான் எழுதித் தர்றேன். ‘ஒரு கண் குறையுள்ள ஏழைப் பெண், கருணை அடிப்படையில் பணி வழங்க வேண்டுகிறேன்.’ கீழ ஒரு கையெழுத்து. மேல இருக்குற அய்யா எரக்க மனசுக்காரரு. இன்னைக்கே ஆர்டரு.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “போடுத்தா” என்றாள்.

தாளை என் முன்னால் நகர்த்தினார். பேனாவையும் திறந்து வைத்தார். மசி வாசம் வந்தது. இன்றைக்கும் யாராவது மசிப் பேனாவைத் திறந்தால் அந்த நிமிடம் என் நெஞ்சில் வந்து உட்காரும். வேலை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் எனக்கு ஒரு கண் இல்லை என்று ஒத்துக்கொள்வது மட்டும்தான்.

பேனாவை மூடி அவர் பக்கம் வைத்தேன்.

“எனக்குக் கண்ணு குறையில்ல சார். கருணையும் வேணாம். டாக்டர் எழுதுனத அப்படியே தமிழ்ல எழுதுங்க. அது போதும்.”

“ஏம்மா, தமிழ்ல அதுக்குச் சரியான வார்த்தை இல்லம்மா. நானும் பாத்துட்டேன்ல!”

அந்த வார்த்தைதான் என்னை எழுப்பி நிற்க வைத்தது.

“என் மூஞ்சியில இருக்குறதுக்குத் தமிழ்ல பேரு இல்லையா? ஒங்க மூஞ்சியிலயும் ரெண்டு கண்ணுக்கும் இருக்கே சார், அதுக்கும் பேரு இல்லையா? இமைன்னு நான் மொதல்லயே சொன்னேன்.”

“இமைன்னா முடிம்மா. எத்தன தடவ சொல்றது?”

“அப்ப ‘இமை முடி’ன்னு சொல்றோமே, அது என்ன? இமையே முடின்னா, ‘முடி முடி’ன்னா சொல்றோம்?”

பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். தட்டச்சு இயந்திரமும் நின்றது. உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு அதிகாரி வெளியே வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கையில் மூக்குக் கண்ணாடி.

“என்ன சத்தம் இங்க?”

ஒருக்கா இமைங்கய்யா

சாமிநாதன் எழுந்து நின்று சொன்னார்: “அந்த ஒத்தக்கண்ணுப் பொண்ணு கேஸுங்கய்யா.”

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மா எழுந்துவிட்டாள். அதுவரை ஓர் அதிகாரியின் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“ஒத்தக்கண்ணா? யாரப் பாத்துச் சொல்றீக? எம்புள்ளைய ரெண்டு கண்ணோடதான் பெத்தேன். ஒம்பது நாளு ஒறங்காம உக்காந்து பாத்தவ நானு. ஒங்க தாளு பாக்கல!”

சற்று முன் ‘போடுத்தா’ என்றவள் அவள்தான். தாளில் எழுதினால் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தவளால், அதை வாயால் சொல்லக் கேட்டதும் பொறுக்க முடியவில்லை. இந்த முறை நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னம்மா ஒன் கொற?” என்று என்னைக் கேட்டார்.

“என் இமைதான் தாழ்ந்திருக்குன்னு கோப்புல எழுதணும், அதான்யா.”

“இமைன்னா கண்ணு முடிதானே?” அவரும் அதையேதான் சொன்னார்.

“அய்யா, ஒருக்கா இமைங்கய்யா.”

“என்னது?”

“கண்ண ஒருக்கா இமைச்சுக் காட்டுங்க.”

அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவர் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.

“இப்ப எறங்கி ஏறுச்சே, அது எதுங்கய்யா? முடியா, தோலா? முடி அதும்பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. இமைச்சது எதுவோ, அதான் இமை. எனக்கு அது ஒரு பக்கம் பாதிதான் ஏறும். அதுக்குப் பின்னால முழுக் கண்ணு இருக்கு. வேணும்னா அந்தச் செவுத்துல இருக்குற காலண்டரப் படிக்கிறேன்.”

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தேன். தேதியை, கிழமையை, கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சக முகவரியை. யாரும் கேட்காமலே ராகு காலத்தையும் படித்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. இரண்டு முறை தனக்குள்ளே இமைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு சாமிநாதனிடம், “சரியாத்தான்யா சொல்லுது” என்றார். என்னிடம், “நீயே எழுதும்மா. அவரு கோப்புல ஏத்திக்குவாரு” என்றார்.

எழுதினேன். ‘இடது மேல் இமை பிறவியிலிருந்தே தாழ்ந்துள்ளது. இரு கண்களிலும் பார்வை இயல்பாக உள்ளது. பணிக்குத் தகுதியானவர்.’ மூன்றே வரிகள். இமை என்ற சொல்லை மட்டும் அழுத்தி எழுதினேன்.

அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: “ஆனா ஒண்ணு. வரிசைப்படியான எடமெல்லாம் நெரம்பிருச்சு. காலியா இருக்குறது கருணை ஒதுக்கீடு. இதுல நீ தகுதியானவன்னு எழுதிட்டதால, அத ஒனக்குத் தர முடியாது. அடுத்த பட்டியல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். எப்ப வரும்னு எனக்கே தெரியாது.”

“காத்திருக்கேன்யா” என்றேன்.

சாமிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இமைக்காரி

அடுத்த பட்டியல் வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. கதை ஊருக்குத் தெரிந்துவிட்டது. “வீட்டுக்கு வந்த வேலைய ஒரு வார்த்தைக்காக வேணாம்னவ” என்றார்கள். அப்பா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அரைக்கண்ணு போய் இமைக்காரி என்ற பட்டப் பெயர் வந்தது. அதற்குத் திரும்பும்போது நான் கல் எடுக்கவில்லை. அது சரியான சொல்.

அந்த ஆண்டு எளிதாகப் போயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். கோவில் வளாகத்தில் சிறு பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதப் பழக்கினேன். மாலையில் பேருந்திலிருந்து இறங்கும் டீச்சர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றியது. தோன்றிய நாட்களில் அம்மாதான், “போட்டிருந்தா நானே கிழிச்சிருப்பேன்” என்பாள். முதலில் போடச் சொன்னதே அவள்தான் என்று நான் நினைவுபடுத்தியதில்லை.

உத்தரவு வந்தது. இளையாத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு.

தலைமையாசிரியை முதல் நாள் என்னை அறைக்குள் அழைத்து, தயங்கித் தயங்கி, ஒரு கறுப்புக் கண்ணாடியை மேசையில் வைத்தார். நல்ல எண்ணத்தில்தான். “புள்ளைக பயந்துக்கும் டீச்சர். கேலியும் பண்ணும். கொஞ்ச நாளைக்குப் போட்டுக்குங்க.”

“வெயிலு வந்தா வாங்கிக்கிறேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

முப்பத்தைந்து பிள்ளைகள். ஒருவரும் பயப்படவில்லை. எல்லோரும் என் இடது கண்ணையே பார்த்தார்கள். பிள்ளைகள் மறைத்துப் பார்ப்பதில்லை, நன்றாக முழித்துத்தான் பார்ப்பார்கள். முதல் வரிசையில் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி எழுந்தாள். பெயர் வள்ளிக்கண்ணு என்று பிறகு தெரிந்தது.

“டீச்சர், ஒங்க ஒரு கண்ணு மட்டும் ஏன் தூங்குது?”

“கண்ணு தூங்கல. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கு மேல இருக்குறதுதான் சோம்பேறி. அதுக்குப் பேரு என்ன, யாருக்காவது தெரியுமா?”

“முடி” என்றான் ஒருவன். “ரெப்பை” என்றாள் ஒருத்தி. “தோலு” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ரெப்பைன்னும் சொல்லலாம். இன்னொரு பேரும் இருக்கு. எல்லாரும் கண்ண மூடுங்க. மூடிக்கிட்டு, வெரலால மெதுவாத் தொட்டுப் பாருங்க. உருண்டையா உள்ள அசையுதுல்ல, அது கண்ணு. அதுக்கு மேல மெத்துன்னு மூடியிருக்கே, அதச் சொல்லுங்க. இ-மை.”

“இ-மை!”

முப்பத்தைந்து பேரும் கண்ணை மூடி, இமையில் விரலை வைத்துக்கொண்டு கத்தினார்கள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வாசலுக்கு ஓடி வந்தார். கறுப்புக் கண்ணாடி இன்னும் அவர் கையில் இருந்தது. ஒரு வகுப்பே கண்ணைத் தொட்டுக்கொண்டு கத்துவதைப் பார்த்துத் திகைத்துப்போய்க் கேட்டார்:

“என்ன டீச்சர் நடக்குது இங்க?”

மோவாயைத் தூக்கி அவரை முழுதாகப் பார்த்துச் சொன்னேன்.

“தமிழ்ப் பாடம் டீச்சர்.”